பாழடைந்த கோயிலுக்குப் போகிறவர்கள் கவனத்திற்கு

யோகேந்திரன் அனுப்பிய எட்டுக் குறிப்புகளில் மூன்றாவதுதான் முதலில் வெடித்தது.

"கோயிலுக்குச் சப்பாத்து போட்டுக்கிட்டு வரணுமாம்! யாருடா இவன், வெள்ளைக்காரத் தொரையா?" என்ற தாயம்மாவின் குரல் கைப்பேசியிலிருந்து கிளம்பி, ராசா பட்டணத்தில் இருந்த அவன் வீட்டின் வரவேற்பறை முழுவதும் நிறைந்தது. "எங்கப்பா அந்த வாசலைத் தாண்டுறப்பவே சிலிப்பர கையில எடுத்துக்குவாரு. நான் சப்பாத்து மாட்டிக்கிட்டு டக்கு டக்குன்னு நடந்து போகணுமா? கேக்க ஆளில்லன்னு நெனச்சிட்டானா இவன்?"

குரல்பதிவு அத்துடன் முடியவில்லை. யோகேந்திரனை வளர்த்த விதம், படிக்கவைத்த விதம், செண்டாயானில் அவனுக்கு வேலை கொடுத்தவர்களின் அறிவு என்று எல்லாத் திசையிலும் போய்த் திரும்பியது.

சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி ஷாமினி தலையை நிமிர்த்தவில்லை. "நான் அப்பவே சொன்னேன். நம்ம ஆளுங்களுக்கு அட்வைஸ் சொல்லாதீங்கன்னு."

"அட்வைஸ் இல்ல. சேஃப்டி டிப்ஸ்."

"அதைத் தாயம்மா அத்தைகிட்ட போய்ச் சொல்லுங்க. நான் ஒளிஞ்சு நின்னு பாக்குறேன்."

யோகேந்திரன் செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. மனிதர்கள் கவனக்குறைவாக இருப்பதற்கென்றே பிறந்தவர்கள், அவர்களைக் காப்பாற்றத் தான் பிறந்தவன் என்பது அவன் கட்சி. கல்யாண மண்டபத்துக்குப் போனால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்னால் அவசர வழி எங்கே என்று பார்ப்பான். ஏணி கண்ணில் பட்டால் ஒருமுறை ஆட்டிப் பார்க்காமல் தாண்ட மாட்டான். அப்படிப்பட்டவன், ஒரு கூட்டத்தையே கொளுத்தும் வெயிலில் பாழடைந்த கோயிலுக்கு அழைத்துப் போகும்போது குறிப்பு அனுப்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கோயில், பகா பட்டணத்துக்கு அப்பால் கெலாடித் தோட்டத்தில் இருந்தது. தோட்டத்து ஜனங்கள் பட்டணத்துக்குக் கிளம்பியபோது, காளியம்மனையும் மேளதாளத்தோடு பகாவில் இருந்த கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டடத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. அது செம்பனை மரங்களுக்கு நடுவே தன்னந்தனியாக நின்றது. கூரை விழுந்து, சுவரெல்லாம் பச்சைப் பாசி படர்ந்து, பின்பக்கத்து அரசமரம் செங்கல்லுக்குள் வேரை விட்டு, நூறு வயது தாண்டிய கட்டடத்துக்கு வரவேண்டிய களை அதற்கு வந்திருந்தது.

இப்போது அந்த நிலத்தை வீடு கட்டி விற்கும் ஒரு நிறுவனம் வாங்கியிருந்தது. அங்கே சாமி இல்லை, பூசை இல்லை, ஆள் இல்லை, ஆகவே அது கோயில் இல்லை, வெறும் கட்டடம், சீக்கிரம் இடிபடும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். யோகேந்திரன் விடவில்லை. அவன் ஏறாத அலுவலகம் இல்லை, பார்க்காத ஆள் இல்லை. கடைசியில், பல்கலைக்கழகத்தில் பழைய கட்டடங்களை ஆராயும் டாக்டர் மயூரி என்பவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். இது காப்பாற்றவேண்டிய பழஞ்சின்னம் என்று அவர் எழுதிக்கொடுத்தால், நிறுவனத்தோடு பேச ஒரு பிடி கிடைக்கும். இல்லாவிட்டால் கோயில் போன மாதிரிதான்.

டாக்டர் மயூரி போனில் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. அவர் சிலோன்காரர், பேச்சு அமைதியாகத்தான் இருக்கும். "தம்பி, தயவுசெய்து ஒண்டையும் தொடாதேங்கோ. கிடக்கிறது கிடக்கிறபடி கிடக்கட்டும். அதின்ர பெறுமதியே அதிலதான் இருக்கு."

இதை மனதில் வைத்துத்தான் யோகேந்திரன் 'கெலாடி உறவுகள்' வாட்ஸ்அப் குழுவில் எட்டுக் குறிப்புகளையும் போட்டான். டாக்டர் பார்க்கும்போது கோயிலுக்கு நாதியில்லை என்று தோன்றக் கூடாது, அதனால் எல்லாரும் வாருங்கள் என்று முதலில் ஓர் அழைப்பு. பிறகு குறிப்புகள். வெயில் ஏறுவதற்கு முன்பே வந்துவிடுங்கள். தண்ணீர் தாராளமாகக் கொண்டு வாருங்கள். கல் கொதிக்கும், பூச்சி பொட்டு இருக்கும், கனத்த சப்பாத்து அணியுங்கள். அங்கே நிழலே கிடையாது, ஏதாவது ஒரு மறைப்பு கையில் இருக்கட்டும். வெறும் வயிற்றோடு வெயிலில் நிற்காதீர்கள். இப்படியே போய், எட்டாவதாக, தடித்த எழுத்தில், 'எதையும் தொடாதீர்கள்' என்று முடித்திருந்தான். குறிப்புகளை மட்டும் டாக்டருக்கும் அனுப்பிவைத்தான்.

எட்டாவதை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. எல்லாரும் மூன்றாவதிலேயே நின்று சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

"ஏதாச்சும் போட்டு அமத்துங்க," என்றாள் ஷாமினி. "இல்லன்னா நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க."

யோகேந்திரன் யோசித்து யோசித்து எழுதினான். 'சப்பாத்து கட்டாயமில்லை. ஆனால் தரை கடுமையாகச் சுடும். அவரவர் தகுந்த ஏற்பாட்டோடு வரவும்.'

உடனே தாயம்மாவிடமிருந்து கட்டைவிரல் படம் வந்தது. அதைத் தொடர்ந்து மளமளவென்று இன்னும் பல கட்டைவிரல்கள். யோகேந்திரன் நிம்மதியாகப் படுத்தான். ஏற்பாடு என்ற சொல்லை நம் ஜனங்களின் கையில் கொடுத்தது எவ்வளவு பெரிய பிழை என்று அவனுக்கு மறுநாள் காலையில்தான் விளங்கியது.

முதலில் தெரிந்தது புகை. செம்பனைக் காட்டுக்குள் செம்மண் பாதையில் காரை விட்டபோதே மரங்களுக்கு மேலே அது எழும்பிக்கொண்டிருந்தது.

"தீ!" என்று அலறினான் யோகேந்திரன்.

ஷாமினி கண்ணாடியை இறக்கி மோந்து பார்த்தாள். "தீ இல்ல. சாம்பார்."

கோயில் வாசலில் கற்களைக் கூட்டி மூன்று அடுப்புகள் எரிந்தன. அண்டா கொதித்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தாயம்மா ஓர் அகப்பையோடு நின்றிருந்தார். சுற்றிலும் பெண்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"வா தம்பி. என்ன, நீ இப்பத்தான் எந்திரிச்சு வர்றியா? வெயிலுக்கு முன்னாடி வரச் சொன்னது நீதானே? நாங்கல்லாம் இருட்டோட வந்துட்டோம்."

"அத்தை, எதுக்கு இங்க அடுப்பு?"

"வெறும் வயித்தோட வெயில்ல நிக்காதீங்கன்னு போட்டியே. இத்தனை பேருக்கு யாரு வீட்ல இருந்து தூக்கிட்டு வர்றது? பசியாறிட்டியா? உப்புமா இருக்கு, சாப்பிடு."

யோகேந்திரன் சாப்பிடும் நிலையில் இல்லை. உள்ளேயிருந்து சளக் சளக்கென்று சத்தம் வந்தது. ஓடினான். பகாவில் பெயிண்ட் காண்ட்ராக்ட் எடுக்கும் நல்லசாமி தம் லோரியில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியோடு வந்திருந்தார். பம்பு மாட்டி, குழாயைப் பிடித்துக்கொண்டு, சுவரை மேலிருந்து கீழே அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார். நூறு வருஷத்துப் பாசி பச்சைக் குழம்பாக வாசல் வழியே ஓடியது.

"அண்ணே! நிறுத்துங்க! என்ன பண்றீங்க?"

"தண்ணி தாராளமா கொண்டு வரச் சொன்னீங்களே தம்பி. குடிக்க எவ்வளவு வேணும்? மிச்சத்த என்ன செய்யறது? அதான்." நல்லசாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நல்லா வழுக்குச்சு. வயசானவங்க வந்தா விழுந்துடுவாங்க. சேஃப்டி பாக்கணும்ல?"

பாதுகாப்பு என்ற சொல்லை எதிர்த்துப் பேசி யோகேந்திரனுக்குப் பழக்கமில்லை. அப்போதுதான் மேலே பார்த்தான். இதுவரை வானம் மட்டுமே இருந்த இடத்தில் நீலமும் வெள்ளையுமாகக் கொசுவம் வைத்த துணிக்கூரை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. நாலு மூலையிலும் இரும்புக் கால்கள். முன்பக்கத்தில், 'திருநாவுக்கரசு – மாதவி திருமணத்திற்கு வருகை தரும் அனைவரையும் வரவேற்கிறோம்' என்று ஒரு பதாகை.

கால் ஒன்றின் பின்னாலிருந்து மணியம் சிரித்துக்கொண்டே வந்தான். ராசாவில் கல்யாண வீடுகளுக்குக் கெமா என்கிற இந்தத் துணிப்பந்தல் போடுகிறவன். "எப்படிண்ணே? நிழல் இல்லன்னு நீங்க கவலைப்பட்டு எழுதியிருந்தது மனச என்னமோ பண்ணிடுச்சு. நேத்து கல்யாணத்துல கழட்டினத அப்படியே லோரியோட கொண்டாந்துட்டேன். ஃபேன் மாட்டக்கூட கொக்கி இருக்கு. ஜெனரேட்டர் ஓடவிடவா?"

"ஒரு மறைப்புன்னா குடை மணியம். குடை, தொப்பி, அந்த மாதிரி."

"இத்தனை பேருக்குக் குடையா? என்னண்ணே பேசறீங்க. நம்ம தொழில் என்னத்துக்கு இருக்கு லா?"

யோகேந்திரன் மனதுக்குள் அடுக்கினான். அடுப்பு போகட்டும். கெமாவைக் கழற்றிவிடலாம். பாசி போனாலும் பழைய செங்கல் பழைய செங்கல்தானே, டாக்டரிடம் எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். இப்படி அவன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, கொதிக்கும் வாசற்கல்லில் காலை வைத்த தாயம்மா "ஆத்தாடி!" என்று துள்ளினார்.

"யோகேந்திரா! தரை சுடுது!"

"அதனாலதான் அத்தை சப்பாத்து..."

"மறுபடி அந்தப் பேச்ச எடுக்காத. தகுந்த ஏற்பாடுன்னு போட்டேல்ல? நல்லசாமி! ஏற்பாடு எங்கப்பா?"

நல்லசாமி ஏற்கெனவே லோரியில் ஏறியிருந்தார். இறங்கும்போது இரண்டு கையிலும் இரண்டு பெரிய வெள்ளைப் பெயிண்ட் டின்கள். "வெள்ளை அடிச்சா சுடாது தம்பி. இந்தியாவுக்குப் போயிருந்தப்ப பாத்தேன். பெரிய பெரிய கோயில்ல நடக்கற பாதை முழுக்க வெள்ளை அடிச்சு வச்சிருக்கான். கால் வச்சா ஜில்லுன்னு இருக்கு."

"வேணாம் அண்ணே. டாக்டர் ஒண்ணையும் தொடக் கூடாதுன்னு..."

"தொடலையே. பிரஷ்தான் தொடுது."

கழுவிய தரை வெயிலில் நிமிஷத்தில் காய்ந்திருந்தது. நல்லசாமியின் உருளை பிரஷ் சர்ரென்று வாசலிலிருந்து கருவறை வரை ஓடியது. தாயம்மா அதன் பின்னாலேயே கால் வைத்துப் பார்த்து, சுடவில்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். திறந்த டின்னில் பெயிண்ட் மிச்சமிருந்தது. திறந்த பெயிண்டை வீணாக்கும் வழக்கம் நல்லசாமியின் பரம்பரையிலேயே கிடையாது. யோகேந்திரன் மணியத்தோடு கெமாவைப் பற்றிச் சண்டை போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் இடப்பக்கச் சுவர் பாலாகப் பளபளத்தது. வலப்பக்கம் பாதி முடிந்திருந்தது.

"ஐயோ!" என்று யோகேந்திரன் தலையில் கை வைத்துக்கொண்டான். "கழுவுங்க! இப்பவே கழுவுங்க!"

நல்லசாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "கழுவுறதா? நான் அடிச்ச பெயிண்ட் தம்பி இது. அஞ்சு வருஷம் மழை அடிச்சாலும் போகாது."

டாக்டரை நிறுத்துவதுதான் ஒரே வழி என்று யோகேந்திரனுக்குத் தோன்றியது. அரசமரத்துக்குப் பின்னால் ஓடிப்போய் போன் போட்டான். மரத்தில் ஏற்கெனவே மஞ்சள் துணி சுற்றி, பொட்டு வைத்து, மாலையும் போட்டிருந்தார்கள்.

"டாக்டர், வணக்கம். இன்னிக்கு இங்க வெயில் ரொம்ப மோசமா இருக்கு. சாயங்காலமா வர்றீங்களா? இல்ல, அடுத்த வாரம்கூட..."

"அதைத்தானே தம்பி உங்கட முதல் குறிப்பில போட்டிருந்தனீங்கள்? வெயிலுக்கு முன்னம் வரச்சொல்லி. நான் அப்பவே வெளிக்கிட்டுட்டன். இப்ப பகாவைத் தாண்டிட்டன். நல்ல பிரயோசனமான குறிப்புகள்."

தன் குறிப்பை ஒழுங்காகப் படித்து, எழுதியபடியே நடந்த ஒரே ஒரு ஆள் அவர்தான் என்று நினைத்தபோது யோகேந்திரனுக்கு அழுகை வந்தது.

இருக்கிற கொஞ்ச நேரத்தில் வெள்ளைச் சுவரை எப்படியாவது பழையதாக்கியாகவேண்டும். பழைய சுவருக்கு என்ன நிறம்? அழுக்கு நிறம். அழுக்குக்குச் செம்மண்ணை விட்டால் ஆள் ஏது? ஒரு வாளியைப் பிடுங்கி, பாதையோரத்துச் செம்மண்ணை அள்ளி, தண்ணீர் விட்டுப் பிசைந்தான். இரண்டு கையாலும் எடுத்து ஈர வெள்ளையின் மேல் மேலிருந்து கீழாக இழுத்தான். இன்னொன்று இழுத்தான். சட்டையெல்லாம் சேறு. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. மூன்றாவது தடவை இழுத்தபோது பின்னால் காய் நறுக்கும் சத்தம் நின்றுவிட்டதை உணர்ந்து திரும்பினான்.

அடுப்படியை விட்டு எல்லாப் பெண்களும் வந்து நின்றிருந்தார்கள். தாயம்மாவின் கண் கலங்கியிருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் அவர். "காலையில இருந்து கத்திக்கிட்டே இருந்தான். நான்கூட தப்பா நெனச்சுட்டேன். உள்ளுக்குள்ள எம்புட்டு பக்தி பாருங்க. வெள்ளை மேல காவிப் பட்டை! கோயிலுக்கு அதுதானே லட்சணம்? நமக்குத் தோணுச்சா?"

"இல்ல அத்தை, இது பட்டை இல்ல, இது வந்து..."

"தம்பி, கையால போட்டா கோணலா வரும்," என்று நல்லசாமி அவனை மெதுவாக நகர்த்தினார். சற்றுமுன் பட்ட வருத்தமெல்லாம் அவர் முகத்தில் மறைந்திருந்தது. "எங்கிட்ட காவி கலரே இருக்கு. டேப் ஒட்டி நேரா இழுத்துடறேன். நீங்க போய் மொகத்தக் கழுவுங்க."

டாக்டர் மயூரியின் கார் வந்து நின்றபோது கடைசிப் பட்டையிலிருந்து டேப்பை உரித்துக்கொண்டிருந்தார்கள். கருவறையில் தாயம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த காளியம்மன் படம் பூவோடும் விளக்கோடும் இருந்தது. கெமாவின் விசிறி சுழன்றது.

டாக்டர் அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை, கனத்த சப்பாத்து, தோளில் தண்ணீர்ப் போத்தல் என்று குறிப்பில் சொன்னது சொன்னபடி இறங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு பதாகையை வாசித்தார்.

"தம்பி, நான் ஒரு கலியாணத்துக்கு வந்திட்டன் போல கிடக்கு."

"இல்ல டாக்டர். இதுதான்."

"நீங்கள் அனுப்பின படத்தில ஒரு பழைய கட்டடம் இருந்ததே?"

"இதுதான் டாக்டர் அது," என்றான் யோகேந்திரன்.

"அம்மா, சப்பாத்த அங்கயே கழட்டிடுங்க!" என்று உள்ளேயிருந்து தாயம்மா குரல் கொடுத்தார். டாக்டர் மறுபேச்சில்லாமல் கழற்றிவிட்டு வெள்ளைப் பாதையில் நடந்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். சுட்டுவிரல் காவியாகத் திரும்பி வந்தது. அரசமரத்து வேரைக் குனிந்து பார்த்து, அதன்மேல் போட்டிருந்த மாலையை நகர்த்திப் பார்த்து, நகர்த்திய இடத்திலேயே வைத்தார்.

"தரை சுடேல்லை. அது நல்லது," என்றார் கடைசியில். அவர் நல்ல மனுஷி, ஏதாவது நல்லதாகச் சொல்லத் தேடியிருக்கிறார். "ஆனால் தம்பி, நான் என்னத்தை எழுதுறது? பழசு எண்டால் பழசு கண்ணுக்குத் தெரியவேணும். இது இண்டைக்குக் காலமை கட்டின கோயில் மாதிரி இருக்கு. நான் பொய் எழுத ஏலாது."

"ஏதாச்சும் ஒரு வழி..."

"எனக்கும் கவலைதான். பழஞ்சின்னம் எண்டு என்னால சொல்ல முடியாது." அவர் அவன் தோளில் தட்டினார். சேறு காய்ந்திருந்ததால் தூசி பறந்தது. தாயம்மா விடாமல் ஒரு பொட்டலம் சர்க்கரைப் பொங்கலைக் கையில் திணித்தார். கார் செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது.

புழுதி அடங்கும் வரை யோகேந்திரன் அந்தப் பாதையையே பார்த்தான். பிறகு திரும்பினான்.

"சந்தோஷமா எல்லாருக்கும்? போச்சு! எல்லாம் போச்சு! ஒண்ணையும் தொடாதீங்கன்னுதானே எழுதினேன்? அப்படியே கெடந்திருந்தா அந்தம்மா எழுதிக் கொடுத்திருப்பாங்க. இந்தக் கோயில் நின்னிருக்கும். இப்ப நாளைக்கு அவன் வந்து ஒரே தட்டுல தட்டிட்டுப் போவான். நீங்க அடிச்ச பெயிண்ட், நீங்க போட்ட பட்டை, எல்லாத்தோடயும் சேத்துத் தட்டுவான்!"

மணியம் தலையைக் குனிந்துகொண்டான். நல்லசாமி கையிலிருந்த பிரஷ்ஷைத் தரையில் வைக்கவா வேண்டாமா என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். தாயம்மா மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியும் தம்பி. எட்டாவதையும் படிச்சேன். ஆனா இருட்டோட வந்து டார்ச் அடிச்சுப் பாத்தப்ப, ஆத்தா வீடு குப்பையும் பாசியுமா கெடக்கு. அத பாத்துக்கிட்டு கையக் கட்டிக்கிட்டு நிக்க எனக்கு முடியல. உனக்கு முடிஞ்சா நீ பெரிய ஆளு." சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

யோகேந்திரனுக்குக் கோபம் இருந்த இடத்தில் இப்போது வெறும் துக்கம்தான் இருந்தது. போய் ஒரு செம்பனை மரத்தடியில் உட்கார்ந்தான். பந்தி ஆரம்பித்திருந்தது. யாரோ சாமி கும்பிட்டுவிட்டு மணி அடித்தார்கள். காளியம்மன் கிளம்பிப்போன பிறகு அந்த இடத்தில் மணிச் சத்தம் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. கேட்கும்போது அவனுக்கு நன்றாகத்தான் இருந்தது. அதனாலேயே இன்னும் அதிகமாக வலித்தது.

ஷாமினி சாப்பாட்டுத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "சாப்பிடுங்க."

"எல்லாம் என் தப்புதான் ஷாமினி. நான் எதுக்கு டிப்ஸ் போட்டேன்? எதுக்கு விடியறதுக்கு முன்னாடியே இவங்கள வரவச்சேன்? நாம ரெண்டு பேரு மட்டும் வெயிலேறின பிறகு அந்தம்மாவோட வந்திருந்தா, கோயில் அப்படியே இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்தான்," என்றாள் ஷாமினி. அவனுக்கு ஆறுதல் சொல்லவேண்டும் என்று அவளுக்கும் ஆசை. ஆனால் அதில் மறுத்துச் சொல்ல எதுவும் அகப்படவில்லை. "அப்பளமாச்சும் சாப்பிடுங்க."

கெமாவுக்குக் கீழே மஞ்சள் வேலைச்சட்டை போட்ட ஒருவன் மூன்றாவது தடவையாகச் சோறு வாங்கிக்கொண்டிருந்தான். நடுநடுவே கைப்பேசியை எடுத்துக் கோயிலைப் படம் பிடித்தான். சாம்பாரைப் பற்றித் தாயம்மாவிடம் ஏதோ சொல்லி அவரையே சிரிக்கவும் வைத்துவிட்டான்.

"யாரது?" என்றான் யோகேந்திரன்.

"மணியத்தோட ஆளாம்," என்றாள் ஷாமினி.

அந்த வழியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்த மணியம் மறுத்தான். "என் ஆளா? நான் நல்லசாமி அண்ணன் கூட்டியாந்தாருன்னு நெனச்சேன். காலையில கெமா காலை நிறுத்தறப்ப நல்லா தோள் குடுத்தாரு பாவம்."

சாப்பிட்டுக் கையலம்பிய அந்த மனிதன், வேட்டியில் கையைத் துடைப்பதுபோலச் சட்டையில் துடைத்துக்கொண்டு, நேராக யோகேந்திரனிடமே வந்தான். நாற்பது வயதிருக்கும். வயிறு நிறைந்த முகம்.

"வணக்கம்ண்ணே. என் பேரு இராஜமாணிக்கம். அந்தச் சாம்பல் கலர் காடி உங்களுதா? கொஞ்சம் நவுத்திக் கொடுத்தீங்கன்னா என் லோரிய எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவேன். காலையில இருந்து உள்ள மாட்டிக்கிட்டு நிக்குது."

"எந்த லோரி?"

அவன் கையைக் காட்டினான். செம்பனை வரிசைக்கு அந்தப் பக்கம், புதருக்குப் பின்னால், நீளமான லோரி ஒன்று நின்றது. அதன் முதுகில், பெரிய இரும்புக் கையை மடக்கிக்கொண்டு, மஞ்சள் நிறத்தில் ஒரு மண்வாரி இயந்திரம்.

யோகேந்திரன் கையிலிருந்த அப்பளம் நொறுங்கியது. எழுந்தான். "நீங்க... நீங்க எதுக்கு இங்க வந்தீங்க?"

"இடிக்கத்தாண்ணே! ஆளில்லாத பாழுங்கட்டடம், விடியறதுக்குள்ள சத்தமில்லாம தட்டிடுன்னு, இந்த நெலத்த வாங்கின எங்க மொதலாளி, தவுக்கே அனுப்பினாரு. வந்து பாத்தா, இருட்டுல அந்தம்மா அடுப்பு மூட்டிக்கிட்டு இருக்காங்க. தவுக்கேக்குப் போன் போட்டேன், அவங்க போனதும் தட்டுன்னாரு. போவீங்க போவீங்கன்னு பாத்தா, நீங்க வெள்ளையடிச்சு, பட்டை போட்டு, மணியடிச்சு, எனக்கும் சோறு போட்டுட்டீங்க. போட்டோ எடுத்து அனுப்பினேன், 'அடேய், இது கோயிலுடா, கைவைக்காம திரும்பி வா'ன்னுட்டாரு!"